உன் சத்தம் மட்டும்தான்டா கேட்டுச்சு

தூக்கம் வராத ராத்திரிகளில் பழைய நியூஸ்ரீல் பார்க்கும் பழக்கம் எனக்கு உண்டு. தொண்ணூறு வருடத்துக்கு முந்தைய அமெரிக்கச் செய்திப்படங்கள். நம்மூர்த் தியேட்டர்களில் முன்பு மெயின் படத்துக்கு முன்னால் ஃபிலிம்ஸ் டிவிஷன் படம் ஓடுமே, வெள்ள நிவாரணம், அணைக்கட்டு, ரிப்பன் வெட்டும் மந்திரி என்று. 'அது முடியட்டும், அப்புறம் உள்ளே போலாம்' என்று வெளியே கடலை கொறித்துக்கொண்டு நிற்போமே. அதற்கு அமெரிக்காவில் ஒரு பெரியப்பா இருந்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். யுனிவர்சல் கம்பெனி வாரம் இரண்டு முறை வெளியிட்டவை இன்று அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தின் வசம் இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

அப்படி ஒரு ராத்திரியில்தான் மார்செய் படம் கண்ணில் பட்டது. 1934 அக்டோபர் 9. யூகோஸ்லாவிய மன்னர் அலெக்சாந்தர் பிரான்சின் மார்செய் துறைமுகத்தில் வந்து இறங்குகிறார். பிரெஞ்சு வெளியுறவு அமைச்சர் பார்த்தூ பக்கத்தில் உட்கார, கார் மெதுவாக ஊர்கிறது. தெருவின் இருபக்கமும் கூட்டம். திடீரென்று படம் குலுங்குகிறது, ஆட்கள் ஓடுகிறார்கள், யாரோ விழுகிறார்கள், அடுத்த காட்சியில் காரின் பின்சீட்டில் மன்னர் சாய்ந்து கிடக்கிறார். இதற்கெல்லாம் மேலே ஓர் ஆண்குரல், படபடவென்று, மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டே போகிறது. நடுவில் மூன்று துப்பாக்கிச் சத்தம்.

எனக்கு ஒலியில் கொஞ்சம் கிறுக்கு உண்டு. அந்த மூன்று சத்தமும் என்னவோ மாதிரி இருந்தன. பின்னால் ஓட்டிக் கேட்டேன். ஹெட்போன் போட்டுக்கொண்டு கேட்டேன். மூன்றும் ஒரே சத்தம். ஒன்றைப் பதிவு செய்து, மூன்று தடவை ஒட்டியிருக்கிறார்கள். உண்மையில் கொலையாளி சுட்டது பத்து தடவைக்கும் மேலே. சுட்ட அந்தக் கணம் எந்தக் கேமராவிலும் விழவில்லை. விழுந்ததுபோல நமக்குத் தோன்றுவதற்கு வெட்டி ஒட்டிய வேலைதான் காரணம், கூடவே அந்த மூன்று 'டுமீல்', எல்லாவற்றுக்கும் மேலே அந்தக் குரல்.

குரலுக்குச் சொந்தக்காரர் கிரகாம் மெக்னமி. யார் இந்த ஆள் என்று தேடப் போனவன், மூன்று மாதம் அதிலேயே கிடந்தேன்.

அவர் பிறந்தது 1888-ல், வாஷிங்டன் நகரத்தில். வளர்ந்தது மினசோட்டா பக்கம். அப்பா வக்கீல், மகனும் வக்கீலாக வேண்டும் என்று ஆசை. அம்மாவுக்கு அவன் சங்கீதக்காரன் ஆக வேண்டும். சின்ன வயதிலேயே பியானோ முன்னால் உட்கார வைத்துவிட்டார். பையன் பேஸ்பால், ஹாக்கி என்று மைதானத்திலும் கிடந்தான். கொஞ்ச நாள் ரயில்வே ஆபீஸில் குமாஸ்தா, கொஞ்ச நாள் இறைச்சிக் கம்பெனியின் விற்பனை ஆள். கடைசியில் அம்மா பக்கம்தான் ஜெயித்தது. நியூயார்க்கில் பாரிட்டோன் (கொஞ்சம் கனத்த ஆண்குரல்) பாடகர் ஆனார். தேவாலயங்களில் பாடினார், கச்சேரி செய்தார், நல்ல விமர்சனமும் வந்தது. வருமானம்தான் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. முப்பத்தைந்து வயதை நெருங்கும் பாடகருக்கு அது சுகமான நிலைமை அல்ல.

1923-ல் நீதிமன்றத்தில் ஜூரியாக உட்காரச் சொல்லி அழைப்பு வந்தது. பிராட்வே வீதியில் அப்படி ஒரு நாள் மதிய இடைவேளையில் நடந்தவர், 195-ம் எண் கட்டடத்தைப் பார்த்தார். டெலிபோன் கம்பெனியான ஏ.டி. அண்ட் டி.யின் கட்டடம். டபிள்யூ.இ.ஏ.எஃப் என்ற அதன் வானொலி நிலையம் அங்கே இருந்தது. சும்மா எட்டிப் பார்க்கலாம் என்று ஏறினார். பாட வாய்ப்புக் கேட்கும் எண்ணமும் இருந்திருக்கும். அங்கே இருந்தவர்களுக்கு அவர் பேச்சு பிடித்துப்போய், பேசச் சொல்லிப் பார்த்து, வேலை போட்டுக் கொடுத்துவிட்டார்கள். சாப்பாட்டு இடைவேளையில் கிடைத்த வேலை.

அன்றைக்கு 'அறிவிப்பாளர்' என்ற வேலைக்கு ஒரு வடிவமே கிடையாது என்பதை நாம் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். பிட்ஸ்பர்க்கில் கே.டி.கே.ஏ நிலையம் தேர்தல் முடிவுகளை ஒலிபரப்பியது 1920 நவம்பர் 2-ல். மூன்று வருடம்கூட ஆகவில்லை. பாடகியை அறிமுகப்படுத்துவது அறிவிப்பாளர். பாடகி வராவிட்டால் பாடுவதும் அவர்தான். பியானோவை நகர்த்த வேண்டுமா, அதுவும் அவர்தான். டபிள்யூ.இ.ஏ.எஃப் நிலையத்தில் மெக்னமிக்கு ஒரு கூட்டாளி, பிலிப்ஸ் கார்லின். இரண்டு பேர் குரலும் ஒன்றுபோலவே இருக்கும், யார் பேசுவது என்று கேட்பவர்கள் திணறிப் போவார்கள்.

விளையாட்டு வர்ணனையின் கதி இன்னும் மோசம். பத்திரிகைக்காரர் ஒருவரைக் கூட்டிவந்து மைக் முன்னால் உட்கார வைப்பார்கள். அவர் மறுநாள் பேப்பருக்கு எழுதுகிற மாதிரியே சொல்வார். பந்து வீசப்பட்டது. அடிக்கவில்லை. அப்புறம் ஓர் அமைதி. மறுபடி பந்து வீசப்பட்டது. நடுவில் என்ன சொல்வது என்று அவருக்குத் தெரியாது. எழுத்தில் நடுவே என்று ஒன்று இல்லையே!

1923 அக்டோபரில் பேஸ்பால் உலகத் தொடர் நடந்தது. (பெயர்தான் உலகத் தொடர். ஆடியது யாங்கீஸ், ஜயண்ட்ஸ். இரண்டும் நியூயார்க் அணிகள்.) பத்திரிகை எழுத்தாளர் வர்ணிப்பார், மெக்னமி பக்கத்தில் இருந்து இட்டு நிரப்புவார் என்பது ஏற்பாடு. தொடரின் நடுவில் எழுத்தாளருக்கு அலுத்துப்போனது. மைக்கை இவர் பக்கம் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார். மெக்னமிக்கு பேஸ்பால் விளையாடத் தெரியும். ஆனால் கணக்கும் வியூகமுமாக அதை அலசத் தெரியாது. அதனால் தெரிந்ததைச் சொன்னார். வானம் எப்படி இருக்கிறது, யார் வந்து உட்காருகிறார்கள், பந்து வீசப் போகிறவர் தொப்பியை எப்படி இழுத்துவிட்டுக் கொள்கிறார், பின்வரிசைக்காரர் என்ன கத்துகிறார். மட்டையில் பந்து பட்டதும் இவரும் கத்தினார். பாடகரின் குரல்வளம் இருக்கவே இருக்கிறது. பாரிட்டோனில் கத்தினால் அது காதைக் குத்தாது.

அந்த நாட்களில் வர்ணனையாளருக்கென்று கண்ணாடி அறையெல்லாம் கிடையாது, கூட்டத்தோடு கூட்டமாகத்தான் உட்கார வேண்டும். ஆகவே அவர் குரலுக்குப் பின்னால் கூட்டத்தின் இரைச்சலும் சேர்ந்தே போனது. இதை இங்கே அழுத்திச் சொல்லிவைக்கிறேன், பின்னால் தேவைப்படும்.

அப்புறம் நடந்தது ஒரு வெறி. 1924-ல் ஜனநாயகக் கட்சி மாநாடு நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் கூடியது. அதிபர் வேட்பாளர் யார் என்று முடிவு செய்ய 103 சுற்று வாக்கெடுப்பு. ஒவ்வொரு சுற்றிலும் அகர வரிசைப்படி முதலில் அலபாமா மாநிலத்தைக் கூப்பிடுவார்கள். அதன் ஆளுநர் எழுந்து, 'அலபாமாவின் 24 வாக்கும் ஆஸ்கர் அண்டர்வுட்டுக்கே' என்று ராகம் போட்டுச் சொல்வார். வானொலியில் அதைக் கேட்டுக் கேட்டு நாடே அதைச் சேர்ந்து சொல்ல ஆரம்பித்துவிட்டது. இரண்டு வாரத்துக்கு மேல் இழுத்த அந்தக் கூத்தை வீடுகளுக்குள் கொண்டுபோனவர்களில் முக்கியமானவர் மெக்னமி. 1925 மார்ச்சில் அதிபர் கூலிட்ஜ் பதவியேற்றபோது இருபதுக்கும் மேற்பட்ட நிலையங்கள் இணைந்து ஒலிபரப்பின. அங்கேயும் இவர். அதே ஆண்டு உலகத் தொடர் முடிந்ததும் இவர் பெயருக்கு வந்த கடிதங்கள் 50,000 என்று ஒரு கணக்கு சொல்கிறார்கள்.

குரலைத் தவிர இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நிலையத்தின் முதலாளி டெலிபோன் கம்பெனி. மைதானத்திலிருந்து நிலையத்துக்கும், நிலையத்திலிருந்து அடுத்த ஊர் நிலையத்துக்கும் ஒலியைக் கொண்டுபோக நல்ல கம்பி அவர்களிடம்தான் இருந்தது. போட்டிக்காரர்களுக்கு அதைத் தரமாட்டார்கள். அவர்கள் தந்திக் கம்பியை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டினார்கள், அதில் இரைச்சல் அதிகம். ஆக மெக்னமி தொண்டையைத் திறந்தால் அது தெளிவாக, தொலைதூரத்துக்குப் போனது. 1926-ல் ஆர்.சி.ஏ என்ற வானொலிக் கம்பெனி அந்த நிலையத்தைப் பத்து லட்சம் டாலருக்கு வாங்கி என்.பி.சி வலைப்பின்னலைத் தொடங்கியபோது, அதற்கு அதிகம் அறிமுகமான குரல் ஏற்கெனவே கையில் இருந்தது. 'வானொலி நேயர்களாகிய சீமான்களே, சீமாட்டிகளே' என்று தொடங்குவார், முடிக்கும்போது 'எல்லோருக்கும் நல்லிரவு' என்பார். அது ஒரு முத்திரை ஆகிவிட்டது.

இந்த இடத்தில் என் அப்பத்தாவைக் கூப்பிட வேண்டியிருக்கிறது.

கல்லூரியில் படித்த காலத்தில், பொங்கலுக்கு எங்கள் ஊரில் நடக்கும் கபடிப் போட்டிக்கு நான்தான் மைக் பிடிப்பேன். பம்ப்செட் பக்கத்துக் களத்தில் ஆட்டம். மைக்செட் அண்ணன் புளியமரத்தில் இரண்டு குழாய் ஸ்பீக்கரைக் கட்டி, ஒன்றை ஊர்ப் பக்கம் திருப்பிவைப்பார். களத்தைச் சுற்றி நிற்பவர்களுக்கு நான் ஒன்றும் சொல்லத் தேவையில்லை. அவர்கள் கண்ணால் பார்க்கிறார்கள். அதனால் நான் சும்மா உசுப்பேற்றுவேன். 'இதோ பாயப் போகிறது எங்கள் ஊர்ச் சிறுத்தை' வகையறா. கேட்டுச் சிரிப்பார்கள், விசிலடிப்பார்கள்.

அப்பத்தாவுக்கு முழங்கால் வலி, களத்துக்கு வர முடியாது. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஸ்பீக்கர் வழியாகவே முழு ஆட்டத்தையும் கேட்கும். ராத்திரி சோறு போடும்போது கேள்வி வரும். 'மேலத்தெருக்காரன் மகனுக்குக் கால்ல அடின்னியே, எந்தக் கால்டா?' 'கடைசில பாடிப் போனவன் யாரு மகன்? அவன் பேரச் சொல்லவே இல்லியே நீ?' களத்தில் நின்ற யாரும் இப்படிக் கேட்டதில்லை. ஒரே மைக்கில் நான் இரண்டு வேலை செய்துகொண்டிருந்தேன் என்பதே எனக்கு அதுவரை உறைக்கவில்லை. களத்தில் இருந்தவனுக்கு நான் சும்மா பக்கவாத்தியம். அப்பத்தாவுக்கு நான்தான் கண்ணு.

ஒரு வருடம் எங்கள் ஊர் அணி மண்ணைக் கவ்விக்கொண்டிருந்தது. தாங்க முடியாமல் நான் கொஞ்சம் கைச்சரக்கு சேர்த்துவிட்டேன். பாடிப் போன பையன் ஒருத்தனையும் தொடாமல் கோட்டுக்குத் திரும்பினான். நான் மைக்கில், 'மூன்று பேர் மறித்தும் முறித்துக்கொண்டு வந்துவிட்டார்' என்று முழங்கினேன். ராத்திரி அப்பத்தா குழம்பை ஊற்றிக்கொண்டே கேட்டது.

'அப்ப ஒண்ணுமே நடக்கலதான?'

'எப்பத்தா?'

'மூணு பேரு மறிச்சான்னியே. உன் சத்தம் மட்டும்தான்டா கேட்டுச்சு. கூட்டம் வாயே தொறக்கலியே.'

அன்றைக்கு அசடு வழிந்ததோடு சரி. மெக்னமியைத் தேடத் தொடங்கியபிறகு அந்தக் குழம்புக் கரண்டி அடிக்கடி ஞாபகம் வருகிறது. வானொலிக் கேட்பாளர் குருடர் இல்லை. வர்ணனையாளர் குரலை ஒரு காதிலும், அதற்குப் பின்னால் கூட்டத்தின் குரலை இன்னொரு காதிலும் வைத்து ஒப்பிட்டுக்கொண்டே இருக்கிறார். இரண்டும் ஒத்துப்போகும்வரை நம்புகிறார்.

மெக்னமி பொய்யர் என்று சொல்ல வரவில்லை. தப்பு நிறையச் செய்தார். யார் மட்டை பிடித்தது, எந்தத் தளத்தில் யார் நிற்கிறார் என்பதையெல்லாம் குழப்புவார். நகைச்சுவை எழுத்தாளர் ரிங் லார்ட்னர் ஒருமுறை மைதானத்தில் அவர் அருகே உட்கார்ந்து கேட்டுவிட்டு, இன்று இங்கே இரண்டு ஆட்டம் நடந்திருக்கிறது, நான் பார்த்தது ஒன்று, மெக்னமி சொன்னது இன்னொன்று என்று வாரினார். பத்திரிகை உலகத்தில் அது இன்றுவரை ஓடுகிற ஜோக். இன்னொரு பத்தி எழுத்தாளர் ஹேவுட் புரூன் நேர்மாறாக எழுதினார். ஒரு புதுச் சாதனத்தின் வழியாகத் தன்னையே கடத்திக்கொடுக்கத் தெரிந்தவர் இவர் என்று மெச்சினார். என்னைக் கேட்டால் இரண்டு பேரும் சொன்னது ஒரே விஷயம்தான். அவர் ஆட்டத்தை வர்ணிக்கவில்லை, ஆட்டம் பார்க்கிற ஓர் ஆளை வர்ணித்தார். அந்த ஆள் அவரே.

இதற்கு 1929 ஜனவரி 1-ஐவிட நல்ல சாட்சி கிடைக்காது. கலிஃபோர்னியாவில் ரோஸ் பௌல் கால்பந்து ஆட்டம், அமெரிக்கக் கால்பந்து, பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிற வகை. கலிஃபோர்னியா அணியின் ராய் ரீகெல்ஸ் கைக்கு நழுவிய பந்து ஒன்று வந்தது. எடுத்தார், திரும்பினார், ஓடினார். தன் அணியின் கோட்டை நோக்கியே! அறுபது கெஜத்துக்கு மேல். கூட்டம் எழுந்து நின்று அலறுகிறது, அவருக்கு அது உற்சாகக் கூச்சலாகப் படுகிறது. சக ஆட்டக்காரர் பென்னி லாம் பின்னாலேயே கத்திக்கொண்டு துரத்திப்போய்க் கோட்டருகே பிடித்து நிறுத்தினார். மைக்கில் இருந்த மெக்னமி என்ன சொன்னார் தெரியுமா? நான் என்ன பார்க்கிறேன், எனக்கு என்ன ஆச்சு, எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதா, பைத்தியமா என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

நல்ல வர்ணனையாளர் என்ன செய்திருப்பார்? 'ரீகெல்ஸ் தவறான திசையில் ஓடுகிறார்' என்று ஒரே வாக்கியத்தில் முடித்திருப்பார். தகவல் முழுசாக வந்திருக்கும். ஆனால் எங்கோ பனியில், அடுப்பங்கரைப் பக்கம் வானொலிப் பெட்டி வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தவருக்கு, மைதானத்தில் இருந்த அத்தனை பேர் மண்டையிலும் அந்த நொடியில் ஓடியது அப்படியே வந்து சேர்ந்திருக்காது. அந்த ஆட்டத்தில் கலிஃபோர்னியா 8-7 என்று தோற்றது. ரீகெல்ஸுக்குக் கடைசிவரை அந்த ஓட்டமே பெயராகிவிட்டது.

அதற்கு முன், 1927 செப்டம்பர் 22, சிகாகோ. டன்னியும் டெம்ப்சியும் மோதிய குத்துச்சண்டை. சோல்ஜர் ஃபீல்டில் லட்சத்துக்கும் மேற்பட்ட கூட்டம், வானொலியில் மெக்னமி. ஏழாவது சுற்றில் டன்னி விழுந்தார். வீழ்த்தியவர் ஒதுங்கி நிற்க வேண்டிய மூலைக்கு டெம்ப்சி போகாமல் நின்றதால் நடுவர் எண்ணத் தொடங்குவது தாமதமானது. பத்து எண்ணுவதற்குள் டன்னி எழுந்துவிட்டார், பின்னர் சண்டையையும் ஜெயித்தார். உண்மையில் அவர் கீழே கிடந்தது 14 நொடி அளவில் என்று படத்தைப் பார்த்துச் சொன்னார்கள். அந்தச் சுற்றைக் கேட்டு மாரடைப்பில் செத்தவர்கள் உண்டு என்று பத்திரிகைகள் எழுதின. எவ்வளவு நிஜமோ, அப்படி எழுதத் தோன்றுகிற அளவுக்குப் பரபரப்பு.

இதில் ஒரு வேடிக்கை. குத்துச்சண்டைப் படங்களை ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குக் கொண்டுபோகக் கூடாது என்று 1912-லிருந்தே அங்கே சட்டம். கறுப்பின வீரர் ஜாக் ஜான்சன் வெள்ளையர்களை வீழ்த்துவதை ஊர் ஊராகக் காட்டக் கூடாது என்ற எரிச்சலில் பிறந்த சட்டம் அது. ஆக படச்சுருள் மாநில எல்லையைத் தாண்டக் கூடாது, மெக்னமி குரல் தாராளமாகத் தாண்டலாம். நொடிமுள்ளை வைத்துச் சரிபார்க்கிற வாய்ப்பு சட்டப்படி சிலருக்கு மட்டும், படபடப்பு எல்லோருக்கும்.

1930 வாக்கில் யுனிவர்சல் அவரை நியூஸ்ரீலுக்கு இழுத்தது. படங்கள் அப்போதுதான் பேசத் தொடங்கியிருந்தன. ஃபாக்ஸ் மூவிடோன் போன்ற கம்பெனிகள் ஒலிப்பதிவுக் கருவியோடு வண்டியையே சம்பவ இடத்துக்கு அனுப்பின. யுனிவர்சல் அந்த விஷயத்தில் கை இறுக்கம். பெரும்பாலும் ஊமையாகப் படம் பிடித்து, பிறகு ஸ்டூடியோவில் குரலும் சத்தமும் சேர்ப்பார்கள். ஒலி வண்டிக்குச் செலவழிப்பதற்குப் பதில், நாட்டிலேயே பிரபலமான ஒரு குரலை வாங்கிவிட்டால் போயிற்று. 'பேசும் நிருபர்' என்று மெக்னமிக்குப் பட்டம் கட்டி, பெயரை விளம்பரப்படுத்தினார்கள். வியாபாரம் என்ற முறையில் கெட்டிக்காரத்தனம்தான்.

ஆனால் ஆளைக் கொண்டுபோய் அவர் தொழிலுக்கு நேர் எதிரான நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார்கள். வானொலியில் கேட்பவருக்குக் கண் இல்லை, ஆகவே அவர் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். தியேட்டரில் பார்ப்பவருக்குக் கண் இருக்கிறது, அங்கே சொல்லாமல் விடுவதுதான் வேலை. ஊர், தேதி, ஆளின் பெயர், படத்தில் தெரியாத ஒரு விவரம், இவற்றைச் சொல்லிவிட்டு வாயை மூட வேண்டும். மெக்னமியின் ரீல்களை வரிசையாகப் பார்த்தால், அவர் வாயை மூடவே இல்லை என்பது தெரிகிறது. கப்பல் ஏவப்படுகிறதா, 'இதோ போகிறது'. நீச்சல்காரி குதிக்கிறாளா, 'குதித்தாயிற்று'. களத்தைச் சுற்றி நின்றவனுக்கு நான் முழங்கியதுபோலத்தான்.

அதைவிட முக்கியமான குறை ஒன்று. அங்கே அவர் எதையும் நேரில் பார்க்கவில்லை. நியூயார்க்கில் ஓர் அறையில் திரை ஓட, கையில் யாரோ எழுதிய தாள். பின்னால் கூட்டம் இல்லை. கூட்டத்தின் இரைச்சல் தேவையென்றால் அலமாரியில் இருக்கிற பதிவை எடுத்து ஒட்டுவார்கள். மார்செய் படத்தில் துப்பாக்கிச் சத்தத்தை எடுத்து ஒட்டியது மாதிரி.

அந்தப் படத்துக்கே திரும்புகிறேன். சத்தத்தை முழுசாக அணைத்துவிட்டு ஒருமுறை பார்த்தேன். வேறு படமாக இருந்தது. கொலையாளி சுட்ட பின் குதிரையில் இருந்த அதிகாரி வாளால் வெட்டுவது, போலீஸும் பதறிச் சுடுவது, யார் யாரைச் சுடுகிறார்கள் என்றே புரியாத குழப்பம். பார்த்தூவைக் கொன்றது போலீஸின் குண்டு என்று பல ஆண்டுகள் கழித்துத்தான் உலகத்துக்குத் தெரியவந்தது. சத்தம் இல்லாமல் பார்க்கும்போது அந்தக் குழப்பம் குழப்பமாகவே இருக்கிறது. சத்தத்தோடு பார்த்தால் மூன்று குண்டு, ஒரு கொலையாளி, ஒரு மன்னர் என்று எல்லாம் சீராகிவிடுகிறது. ரோஸ் பௌலில் 'எனக்குப் பைத்தியமா' என்று கேட்ட மனிதர் மார்செயில் நின்றிருந்தால் என்ன கத்தியிருப்பார் என்று யோசித்துப் பார்க்கிறேன். நிச்சயமாக இவ்வளவு சீராக இருந்திருக்காது.

விளையாட்டு வர்ணனையிலும் காலம் அவரை ஓரங்கட்டியது. போட்டி வானொலி நிறுவனமான சி.பி.எஸ்-ஸின் டெட் ஹூசிங் மாதிரி, ஆட்டத்தின் நுணுக்கம் தெரிந்த, புள்ளிவிவரம் விரல்நுனியில் இருக்கிற ஆட்கள் வந்தார்கள். பின்னாலேயே ரெட் பார்பர். முப்பதுகளின் நடுவில் உலகத் தொடர் மைக் இவர் கையைவிட்டுப் போய்விட்டது. அவர்களெல்லாம் மெக்னமி வெட்டிய பாதையில் செருப்புப் போட்டு நடந்தவர்கள். அதை அவர்கள் மறுக்கவும் இல்லை. 1942 மே 9 அன்று, 53 வயதில், மெக்னமி மூளையில் ரத்தக் கட்டு ஏற்பட்டு இறந்துபோனார். தொலைக்காட்சியில் முகம் காட்ட வேண்டிய அவசியமே அவருக்கு வரவில்லை. 2016-ல் பேஸ்பால் வர்ணனைக்கான ஃபோர்ட் ஃபிரிக் விருதைக் கொடுத்தார்கள், இறந்து 74 ஆண்டுக்குப் பிறகு.

எனக்கு உறுத்துவது வேறு. இருபதுகளில் அவர் பேசிய நேரலைகளில் பெரும்பாலானவற்றை யாரும் பதிவு செய்து வைக்கவில்லை. அன்று அதற்கு வசதியும் இல்லை, யோசனையும் இல்லை. 1923 உலகத் தொடர், 103 சுற்று மாநாடு, நிஜக் கூட்டத்தின் நடுவே உட்கார்ந்து கத்தியதெல்லாம் காற்றோடு போயின. இணையத்தில் இன்று 'மெக்னமி' என்று தட்டினால் வந்து நிற்பது நியூஸ்ரீல். ஒரு பெரிய கச்சேரிக்காரரின் கச்சேரிகள் எல்லாம் தொலைந்து, அவர் கொடுத்த பற்பசை விளம்பரம் மட்டும் மிஞ்சின மாதிரி.

பற்பசை என்று வாய்தவறி வந்தாலும், விளம்பரத்தில்தான் அவரை நான் கடைசியில் பிடித்தேன். 1932 முதல் சில வருடம் டெக்சகோ பெட்ரோல் கம்பெனிக்காக எட் வின் என்ற கோமாளி நடிகர் வானொலியில் ஒரு நிகழ்ச்சி நடத்தினார். தீயணைப்புத் தலைவர் வேஷம். வின் மேடைக்காரர், மைக்கை மட்டும் பார்த்துப் பேசினால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஆகவே முழு ஒப்பனையோடு, எதிரே ஆட்களை உட்கார வைத்துத்தான் நடத்துவேன் என்று அடம்பிடித்து வாங்கிக்கொண்டார். அவருக்கு எதிர்ப்பாட்டு மெக்னமி. அந்த நிகழ்ச்சியின் சில பதிவுகள் தப்பிப் பிழைத்திருக்கின்றன. ஹெட்போனைப் போட்டுக்கொண்டு அவற்றையும் கேட்டேன்.

மெக்னமி பெட்ரோல் விளம்பரத்தைக் கம்பீரமாக ஆரம்பிக்கிறார். இரண்டு வரி போவதற்குள் வின் தன் கீச்சுக்குரலில் குறுக்கே புகுந்து எதையோ உளறுகிறார். மெக்னமி விட்ட இடத்திலிருந்து தொடரப் பார்க்கிறார், மறுபடி வின். தாங்க முடியாமல் மெக்னமிக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது, அவர் சிரிப்பதைப் பார்த்து எதிரே இருக்கிற ஜனம் முழுக்கச் சிரிக்கிறது. அப்பத்தா இருந்திருந்தால் ஒரு ஹெட்போனை அதன் காதில் வைத்திருப்பேன். கூட்டம் நன்றாகவே கேட்கிறது.